அழுகிய கத்தரிக்காயின் அடியில்

அப்பாவின் சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட்டை முதலில் நான்தான் பிரித்துப் பார்த்தேன். சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் சோதனை அது. இடது பக்கம் மருந்துகளின் பெயர்கள், வலது பக்கம் ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், 'ஆர்' என்றால் கட்டுப்படாது. 18 மருந்துகளில் 15-க்கு எதிரே 'ஆர்'. மிச்சமிருந்த மூன்றும் ஊசி மருந்துகள். அப்பா தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எட்டப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, வாத்தியார் பேப்பரைத் திருத்தாமலே மார்க் போட்ட மாதிரி எல்லாத்துக்கும் ஒரே எழுத்தா இருக்கு?" என்றார்.

புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் கத்தீட்டர், அதாவது சிறுநீர் வடிக்கும் குழாய், இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறியது, நம் எல்லோர் குடலிலும் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான். பத்து நாள் ஊசி போட்டார்கள், காய்ச்சல் விட்டது, எழுந்து நடந்தார். அதனால் இது சோகக்கதை இல்லை. ஆனாலும் அந்த மூன்று 'எஸ்' என்னைத் தூங்க விடவில்லை. நான் நுண்ணுயிரியல் படித்தவள். அடுத்த முறை மூன்று இரண்டாகும், அதற்கடுத்து ஒன்றாகும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த எண்ணை நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது உறைக்கவில்லை, அப்பாவின் தாளைப் பார்த்தபோது உறைத்தது.

மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த இரவுகளில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது ஒரு சாக்கடை வாசனை. எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்காகக் கழிவுநீர் அள்ளிக்கொண்டு வந்து ஃபேஜ் பிரித்தெடுத்திருக்கிறேன். ஃபேஜ் என்றால் பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். முழுப் பெயர் பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தின்பது. உண்மையில் அது தின்பதில்லை. பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து, தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தி, அதன் எந்திரங்களை வைத்தே தன்னைப் போல நூறு இருநூறு பிரதிகள் எடுத்துக்கொண்டு, கடைசியில் அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பல ஃபேஜ்களுக்கு இந்த வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

பிரித்தெடுக்கும் முறை சிக்கலானதே இல்லை. கழிவுநீரை பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடிக்க வேண்டும். வைரஸ் பொடிசு என்பதால் கீழே இறங்கிவிடும். அந்த நீரோடு கொஞ்சம் பாக்டீரியாவைச் சேர்த்து, பாக்டீரியா வளரும் கூழான இளகிய அகாரில் கலந்து, தட்டில் ஊற்றி, ஓர் இரவு வெப்பப் பெட்டியில் வைத்தால் போதும். காலையில் தட்டு முழுக்க பாக்டீரியா பால் சிந்தியது போலப் படர்ந்திருக்கும். ஃபேஜ் இருந்த இடங்களில் மட்டும் ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டைகள். பிளேக் என்போம். முதன்முறை அந்த ஓட்டைகளைப் பார்த்தபோது தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆய்வகம் முழுக்கச் சுற்றிவந்தேன்.

இதில் இரண்டு வகை உண்டு. சில ஓட்டைகள் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சில கலங்கலாக, நடுவில் மூடுபனி படிந்ததுபோல இருக்கும். கலங்கலாக இருந்தால், பாக்டீரியா முழுதாகச் சாகவில்லை, ஃபேஜில் சில உள்ளேயே குடியேறிவிட்டன என்று பொருள். என் கைடு மேடம் கலங்கலைக் கண்டாலே, "அதெல்லாம் சாது, தூக்கிப் போடு" என்பார். நான் அப்படித் தூக்கிப் போட்ட தட்டுகள் நாற்பது ஐம்பதாவது இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறேன்.

ஃபேஜ் மருத்துவம் புதுச் சமாச்சாரம் இல்லை. 1915-இல் பிரடெரிக் டுவர்ட் பாக்டீரியா கரைந்துபோவதை லண்டனில் கவனித்தார். 1917-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பெலிக்ஸ் தெரெல் வயிற்றுக்கடுப்பு நோயாளிகளின் மலத்தில் அதையே கண்டு, பெயரும் வைத்தார். பென்சிலின் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தானே குடித்துப் பார்த்துவிட்டு நோயாளிகளுக்கும் கொடுத்தார். 1923-இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் கியார்கி எலியாவா தொடங்கிய ஃபேஜ் ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. எலியாவாவை 1937-இல் ஸ்டாலின் அரசு சுட்டுக்கொன்றது. மேற்கு நாடுகளில் 1940-களில் ஆன்டிபயாட்டிக் வந்ததும் ஃபேஜ் மறக்கப்பட்டது. வரலாறு இவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

இதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் கை தானாகப் போவது 'முள்ளை முள்ளால் எடுப்பது' என்ற வாக்கியத்துக்குத்தான். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. முள் காலுக்குள் போய்க் குட்டி போடாது. எந்த முள்ளையும் எந்த முள்ளாலும் எடுக்கலாம். ஃபேஜ் அப்படியில்லை. ஈ.கோலையின் ஃபேஜ் சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவைத் திரும்பியும் பார்க்காது. ஈ.கோலையிலேயே பக்கத்துப் படுக்கை நோயாளியின் ஈ.கோலையை விட்டுவிடலாம். பாக்டீரியாவின் தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு, ஃபேஜின் வால் நாரோடு அச்சு அசலாகப் பொருந்தினால்தான் எல்லாமே தொடங்கும்.

நம் உடலின் செல்களை ஃபேஜால் தொற்ற முடியாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக் போலக் கூட்டோடு அழிக்காது. இரண்டும் இந்தப் பொருத்தத்தின் லாபங்கள். நஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் அனுமானத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, கல்ச்சர் வந்தபிறகு மாற்றலாம். ஃபேஜை அனுமானத்தில் கொடுக்க முடியாது. நோயாளியின் பாக்டீரியாவைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிற ஃபேஜ்களை ஒவ்வொன்றாக அதன்மேல் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதுபோல என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம், சரியான சொல்தான்.

ஃபேஜின் மரபணுவை வெட்டி ஒட்டும் ஆய்வுகள் வரத் தொடங்கியபோது எனக்கு ஒரு அலட்சியம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பூமியில் இருக்கும் ஃபேஜ்களின் எண்ணிக்கையை 1-க்குப் பின்னால் 31 பூஜ்ஜியம் போட்டு எழுதுவார்கள். இவ்வளவு சரக்கு இயற்கையிலேயே கொட்டிக் கிடக்க, புதிதாக ஏன் செய்ய வேண்டும்? சாக்கடைக்குப் போய் நன்றாகத் தேடினால் கிடைத்துவிட்டுப் போகிறது. மரபணுப் பொறியியல் என்பது ஆய்வு நிதி வாங்கவும் காப்புரிமை எடுக்கவும் சேர்க்கும் மசாலா என்றே நினைத்தேன்.

அந்த அலட்சியத்தை உடைத்தது 2019-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஒரு கட்டுரை. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒரு பெண், 15 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். இரண்டு நுரையீரலும் மாற்றியாகிவிட்டது. ஆனால் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி உடம்பைவிட்டுப் போகவில்லை. காசநோய்க் கிருமியின் உறவுக்காரன், ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இயல்பிலேயே முரடு. அறுவைசிகிச்சைத் தழும்பு பழுத்து, கல்லீரலுக்குப் பரவி, கை கால்களில் தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாக எழும்பியது. மருத்துவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிரஹாம் ஹாட்ஃபுலைத் தொடர்புகொண்டார்கள்.

ஹாட்ஃபுலிடம் இருந்தது ஓர் அபூர்வக் கஜானா. கல்லூரி முதலாண்டு மாணவர்களை மண்ணைத் தோண்டச் சொல்லி, அவர்களே ஃபேஜ் கண்டுபிடித்து, அவர்களே பெயர் வைக்கும் கல்வித் திட்டம் ஒன்றை அவர் பல ஆண்டுகளாக நடத்திவந்தார். அப்படிச் சேர்ந்தவை பத்தாயிரத்துக்கும் மேல். எல்லாம் படிப்புக்காகச் சேர்த்தவை, வைத்தியத்துக்காக இல்லை. மாணவர்கள் பயன்படுத்தியது ஸ்மெக்மாடிஸ் என்ற ஆபத்தில்லாத உறவுக்கார பாக்டீரியாவை. ஆகவே கஜானாவில் பெரும்பாலானவை அப்செசஸைத் தொடவே தொடாது.

தேடினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கையிருப்பிலிருந்து அந்தப் பெண்ணின் கிருமிக்குத் தேறியவை மூன்று. மூன்றிலும் அப்படியே பயன்படுத்தத் தக்கது ஒன்றே ஒன்று. பெயர் 'மடி'. ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள், தமிழில் படித்தால் பாக்டீரியாவுக்குச் சாபம் கொடுப்பதுபோல இருக்கிறது. 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகிக்கொண்டிருந்த கத்தரிக்காய் ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து எடுத்தது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள். இது அழுகிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தது.

மற்ற இரண்டு, ஸோயிஜே, பிபிஎஸ். இரண்டும் சாது வகை. கலங்கல் பிளேக் போடுபவை. என் கைடு மேடம் பார்த்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும்.

சாது ஃபேஜை ஏன் வைத்தியத்துக்குச் சேர்ப்பதில்லை? அது பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உடனே பெருகி உடைத்துக்கொண்டு வெளியேறலாம், இல்லாவிட்டால் தன் டிஎன்ஏவை பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு கோத்துவிட்டுப் பேசாமல் குடித்தனம் நடத்தலாம். குடியிருக்கும் வீட்டுக்குத் தன் இனத்து வேறொரு ஃபேஜ் வந்தால் பெருக விடாது, ஆக பாக்டீரியாவுக்கு இலவசக் காவல். பாக்டீரியாவின் டிஎன்ஏ பலமாகச் சேதப்பட்டால் மட்டும் விழித்துக்கொண்டு, பெருகி, வீட்டை உடைத்துக்கொண்டு போய்விடும். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்ற பழமொழியை இதற்கென்றே சொல்லி வைத்தார்களோ என்று படிக்கும்போதே தோன்றும். இதைவிட மோசம், சில சாதுக்கள் வரும்போது விஷத்தையும் கொண்டுவருகின்றன. காலரா பாக்டீரியாவின் விஷம், தொண்டை அடைப்பான் விஷம் இரண்டும் அந்த பாக்டீரியாக்களின் சொந்தச் சொத்து இல்லை, ஃபேஜ் கொண்டுவந்து கொடுத்த மரபணுக்கள்.

ஸோயிஜேயைச் சாதுவாக வைத்திருப்பது ஒரே ஒரு மரபணு, எண் 45. அதிலிருந்து உருவாகும் புரதம் மற்ற மரபணுக்களுக்கெல்லாம் வாய்ப்பூட்டு போட்டுவிடும். ஹாட்ஃபுல் குழு அந்த மரபணுவை வெட்டி எடுத்தது. அவ்வளவுதான். வாய்ப்பூட்டு இல்லாத ஸோயிஜேக்கு இனிக் குடித்தனம் நடத்தத் தெரியாது, நுழைந்த வீட்டை உடைத்தே தீரும். பிபிஎஸ்ஸிலும் அதற்குரிய பகுதியை நீக்கினார்கள். கூடவே அந்தப் பெண்ணின் பாக்டீரியா மேல் நன்றாக வளரும் ஒரு இயல்பான திரிபையும் பொறுக்கி எடுத்தார்கள்.

நான் இந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். மரபணு மாற்றிய வைரஸ் என்றதும் எதையோ சேர்த்துப் புதிதாக ஒரு ஜந்துவை உண்டாக்கினார்கள் என்றுதான் மனம் கற்பனை செய்கிறது. மனிதருக்குச் சிகிச்சையாகச் செலுத்தப்பட்ட முதல் மரபணு மாற்றிய ஃபேஜ்கள் இவை. இவற்றுக்குள் புதிதாக எதுவும் வைக்கப்படவில்லை, இருந்த ஒரு தயக்கத்தைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

2018 ஜூனில் சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு ஃபேஜும் நூறு கோடி வீதம், மூன்றும் கலந்து, நாளுக்கு இரண்டு முறை நரம்பு வழியாக. வாரங்கள் செல்லச் செல்ல தோல் முடிச்சுகள் சுருங்கின, ஆறாத தழும்பு மூடியது, கல்லீரல் தேறியது. முழுக் குணம் என்று கட்டுரை சொல்லவில்லை, சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற கட்டத்தில் இருந்த பெண் எழுந்து நடமாடினாள்.

அதே சமயத்தில் இன்னொரு நோயாளியின் மாதிரியும் பிட்ஸ்பர்க்குக்குப் போயிருந்தது. அதே மருத்துவமனை, அதே இனக் கிருமி. அந்த நோயாளியின் கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜ் கிடைக்கவில்லை. கிடைப்பதற்குள் அவர் இறந்துவிட்டார். செய்திகளில் இந்தப் பகுதி ஒரு வரியில் கடந்துபோனது. எனக்கு இந்த மருத்துவத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரியில் இருப்பதாகப் படுகிறது.

என் பழைய அலட்சியம் எங்கே தப்பாகப் போனது என்று அப்போதுதான் புரிந்தது. 31 பூஜ்ஜியம் போட்டு எழுதும் எண் கடலுக்குச் சரி. ஒரு படுக்கையில் ஒரு நோயாளி, கையில் சில வாரம்தான் அவகாசம் என்றால், அந்தக் கணத்தில் பயன்படக்கூடியவை மூன்றாக இருக்கலாம், பூஜ்ஜியமாகவும் இருக்கலாம். தேடல் தோற்கும் இடத்தில்தான் மரபணுவை வெட்டும் கத்தரிக்கு வேலை வருகிறது.

மரபணுவைக் கழிப்பதோடு நிற்காமல் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பாக்டீரியா உடம்பில் தனித்தனியாக மிதப்பதைவிட, வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு கும்பலாக ஒட்டி வாழ்வதுதான் அதிகம். பயோஃபிலிம் என்பார்கள், அப்பாவின் கத்தீட்டரில் படிந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மருந்து அதற்குள் எளிதில் இறங்காது. 2007-இல் டிமதி லூ, ஜேம்ஸ் காலின்ஸ் இருவரும் டி7 என்ற ஃபேஜுக்குள் அந்தப் படலத்தைக் கரைக்கும் நொதியின் மரபணுவைச் செருகினார்கள். ஒவ்வொரு பாக்டீரியா உடையும்போதும் புதிய ஃபேஜோடு சேர்ந்து கரைப்பானும் கொட்டும், அடுத்த அடுக்குக்கு வழி திறக்கும். சோதனைக் குழாயில் அருமையாக வேலை செய்தது. வேறு சிலர் வால் நாரை மாற்றி, ஒரே ஃபேஜைப் பல பூட்டுக்குச் சாவியாக்கப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் ஆவல் அதிகம், ஏனென்றால் தேடித் தேடிப் பொருத்துவதுதான் நம்மைத் தோற்கடிக்கிறது.

பிறகு கிரிஸ்பர். இதில் ஒரு விசித்திரம் உண்டு. கிரிஸ்பர் என்பது பாக்டீரியாக்கள் ஃபேஜிடமிருந்து தப்பிக்க வைத்திருக்கும் கத்தி. முன்பு தாக்கிய ஃபேஜின் டிஎன்ஏத் துணுக்கை நினைவில் வைத்துக்கொண்டு, அது மறுபடி வந்தால் வெட்டும். லோகஸ் பயோசயன்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தக் கத்தியை ஃபேஜுக்குள்ளேயே வைத்து, ஈ.கோலையின் சொந்த டிஎன்ஏவைக் காட்டிக்கொடுத்து அனுப்புகிறது. வெட்டும் புரதமாக அவர்கள் எடுத்தது காஸ்9 இல்லை, காஸ்3. காஸ்9 ஓரிடத்தில் வெட்டிவிட்டு நிற்கும், காஸ்3 வெட்டிய இடத்திலிருந்து டிஎன்ஏவை நெடுகக் கிழித்துக்கொண்டே போகும். வீட்டுக்காரன் அரிவாளாலேயே வீட்டுக்காரனை.

அவர்களுடைய கலவை பெண்களின் சிறுநீர்த் தொற்றுக்கு எதிராக மனிதரில் சோதிக்கப்பட்டது. இரண்டாம் கட்ட ஆய்வின் முதல் பகுதி 2024-இல் வெளியானது, 39 பேர். சிறுநீரில் ஈ.கோலை வேகமாகக் குறைந்தது. அப்பாவின் கிருமிக்கும் இதே பெயர்தான் என்பதால் கட்டுரையை இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை கொஞ்சம் நிதானமாக. எல்லோருக்கும் கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்திருந்தார்கள். ஃபேஜ் இல்லாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. சரி, மருந்தளவு தேடும் கட்டம், அப்படித்தான் இருக்கும். ஆனால் இதை வைத்து வெற்றி என்று முழங்க முடியாது.

சேர்ப்பவர்களைப் பற்றி ஒரு சின்ன சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. சாக்கடையில் கிடைத்த இயற்கை ஃபேஜுக்குக் காப்புரிமை வாங்குவது கடினம். 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தேன் என்பதற்காக மட்டும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. உள்ளே ஒரு புது மரபணுவைச் செருகினால் அது உங்கள் கண்டுபிடிப்பு ஆகிவிடும். முதலீடு வரும். முதலீடு இல்லாமல் பெரிய ஆய்வு நடக்காது என்பதும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஃபேஜில் என்ன மாற்றினார்கள் என்று படிக்கும்போது, இது நோயாளிக்குத் தேவைப்பட்டதா வக்கீலுக்குத் தேவைப்பட்டதா என்று ஒரு கண் போகத்தான் செய்கிறது.

கத்தரியே எடுக்காமல் புத்தியால் செய்த காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏல் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் சான், பால் டர்னர் இருவரும் கனெக்டிகட்டின் டாட்ஜ் குளத்திலிருந்து ஒரு ஃபேஜ் எடுத்தார்கள். சூடோமோனாஸ் தன்னுள் வரும் ஆன்டிபயாட்டிக்கை வெளியே இறைத்துத் தள்ள ஒரு பம்பு வைத்திருக்கிறது. இந்த ஃபேஜ் அந்தப் பம்பைத்தான் பிடித்துத் தொற்றுகிறது. தப்பிக்க வேண்டுமென்றால் பாக்டீரியா பம்பை மாற்றியோ இழந்தோ ஆக வேண்டும். பம்பு போனால், பழைய ஆன்டிபயாட்டிக் மறுபடி வேலை செய்யும். பாக்டீரியா எப்படியும் தப்பிக்கப் பார்க்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, எந்த வழியாகத் தப்பிக்கலாம் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கும் ஆட்டம் இது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஒன்று.

தோல்விகளும் உண்டு. தீக்காயங்களில் சூடோமோனாஸுக்கு எதிராக 2015-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஃபேகோபர்ன் ஆய்வு பாதியில் நின்றது. 12 ஃபேஜ் கலந்த மருந்து. தயாரித்து வைத்த பிறகு அதன் வீரியம் சரிந்துபோய், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் ஃபேஜ் போக வேண்டிய இடத்தில் பத்திலிருந்து நூறுதான் காயத்தை எட்டியது. அறிவியல் தோற்றதா, பாட்டில் தோற்றதா என்று கேட்டால் பாட்டில் என்பேன்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி இன்னொரு தடை. லண்டன் பெண்ணுக்கு உறுப்பு மாற்றியதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து போய்க்கொண்டிருந்தது, ஃபேஜுக்கு எதிராக வலுவான எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. அதே மூன்று ஃபேஜ்களை எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்த 81 வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தபோது, முதல் மாதம் கிருமி குறைந்தது, பிறகு உடம்பே ஃபேஜை அடையாளம் கண்டு முடக்கிவிட்டது. 2021-இல் வெளியான முடிவு. வெட்டிய ஃபேஜ், வெட்டாத ஃபேஜ் இரண்டையும் உடம்பு வித்தியாசம் பார்க்காமல் அந்நியனாகவே பார்க்கிறது. ஹாட்ஃபுல் குழு 2022-இல் இப்படிச் சிகிச்சை பெற்ற 20 பேரின் கணக்கைக் கொடுத்தது, 11 பேருக்குப் பலன். வேறெந்த வழியும் இல்லாதவர்களில் பாதிக்கு மேல் என்பது பெரிது. மருந்துக் கடையில் வைத்து விற்கும் அளவுக்குப் பெரிதில்லை.

பெல்ஜியம் நாடு வேறொரு வழியில் போயிருக்கிறது. அங்கே டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு நோயாளிக்கென்றே ஃபேஜைத் தயாரித்துக் கொடுக்க 2018 முதல் சட்டத்தில் இடம் உண்டு, பழைய காலத்து மருந்தாளர் மருந்து கலக்கிக் கொடுத்தது போல. பிரஸ்ஸல்ஸின் ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனையை மையமாக வைத்து நடந்த அடுத்தடுத்த 100 சிகிச்சைகளின் தொகுப்பு 2024-இல் வந்தது. 77 சதவீதத்தில் முன்னேற்றம், 61 சதவீதத்தில் குறிவைத்த பாக்டீரியா காணாமல் போனது. ஒப்பீட்டுக் குழு இதிலும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூடவே ஆன்டிபயாட்டிக் கொடுக்காத இடங்களில் பாக்டீரியா ஒழிவது நன்றாகக் குறைந்திருந்தது. ஃபேஜ் வந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்கைத் தூக்கிப் போடலாம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

2025 செப்டம்பரில் வந்த சேதியையும் விட முடியாது. அமெரிக்காவின் ஆர்க் ஆய்வு நிறுவனமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, டிஎன்ஏ எழுத்துகளைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவிடம் முழு ஃபேஜ் மரபணுத் தொகுதிகளை எழுதச் சொன்னார்கள். மாதிரிக்கு வைத்தது ஃபை-எக்ஸ் 174 என்ற ஃபேஜ். 5,386 எழுத்துகள்தான். 1977-இல் பிரடெரிக் சாங்கர் குழு வரிசைப்படுத்திய, முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட டிஎன்ஏ தொகுதி அது. கணினி எழுதிய சுமார் 300 வரைவுகளில் 16 உயிர்பெற்று ஈ.கோலையைக் கொன்றன. அசலுக்கு மசியாத ஈ.கோலை வகைகளை இந்தப் புதியவற்றின் கலவை மடக்கியது. ஆய்வகத்து ஈ.கோலைதான், நோயாளியின் ஈ.கோலை இல்லை. என்றாலும் படித்தபோது மயிர் சிலிர்த்தது. நோயாளியின் பாக்டீரியாவைப் படித்து, அதற்கேற்ற ஃபேஜை எழுதி, சில நாளில் கையில் கொடுக்கும் காலம் வரலாம் என்று முதன்முறையாக எனக்குத் தோன்றியது.

அப்படி ஒரு காலம் வந்தாலும் முதலில் தேவைப்படுவது ஒன்றுதான். நோயாளியின் பாக்டீரியா, உயிரோடு. ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஆர்', 'எஸ்' எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு ஃபேஜையும் பொருத்திப் பார்க்க முடியாது.

அப்பா வீடு திரும்பிய இரண்டாம் வாரம், ஆவலை அடக்க முடியாமல், கல்ச்சர் செய்த லேபுக்குப் போன் போட்டேன். ரிப்போர்ட் எண்ணைச் சொல்லி, அந்த ஈ.கோலை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எடுத்த பையனுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. ரிப்போர்ட்டில் தப்பா மேடம், ரிப்பீட் பண்ணணுமா என்றான். இல்லை தம்பி, அந்தத் தட்டு, அதில் வளர்ந்த பாக்டீரியா என்றேன்.

"அதுவா மேடம்? ரிப்போர்ட் போன அன்னிக்கே ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சாச்சு. வச்சு என்ன பண்றது?"